எலும்பின் உறுதியும் விளையாட்டு வகைகளும்

(உடற்கல்வி மாணவர்களும் விளையாட்டுத் துறை அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சாலைக்கும் அணைக்கும் மின்நிலையத்துக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் கணக்கிடப்படுகிறது. அந்தச் சாலையைப் போட்டவர், அந்த அணையைக் கட்டியவர் ஆகியோரின் எலும்புக்கு அத்தகைய கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் எலும்பும் மூலதனந்தான். பிறப்பு முதல் இருபது, இருபத்தைந்து வயது வரை அது சேர்கிறது. முப்பதை ஒட்டி உச்சத்தை அடைந்து சில காலம் நிலைத்து நிற்கிறது. பின்னர் மெல்லத் தேய்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகளுக்கு இத்தேய்மானம் வேகம் பெறுகிறது. முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவரைப் பேணும் செலவு பெரும்பாலும் அவருடைய குடும்பத்தின் சேமிப்பிலிருந்தே போகிறது. படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலுள்ள பெண் ஒருத்தி வேலையை விட்டு நிற்பதும் ஒரு செலவே; தேசிய வருமானக் கணக்கில் அது ஏறுவதில்லை.

இந்த மூலதனம் சேர்வதில் உணவோடு உடற்பயிற்சிக்கும் பங்கு உண்டு என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆனால், எந்த உடற்பயிற்சி என்ற கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. விளையாட்டு வீரர்களின் எலும்பை அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை, பொதுவான நம்பிக்கைக்குச் சற்று மாறானது. வியர்வை சிந்தி உழைப்போர் எல்லோருக்கும் எலும்பு உறுதிப்பட்டுவிடுவதில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மிகுந்த நன்மை தரும் சில பயிற்சிகள் எலும்புக்கு ஏறத்தாழ ஒன்றுமே தருவதில்லை. சாதாரணமான சில ஆட்டங்களோ அள்ளித் தருகின்றன.

எலும்பு எதைக் கேட்கிறது?

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. வளர்ந்த மனிதனின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. எங்கே எவ்வளவு கட்டுவது என்பதைத் தீர்மானிப்பதில் அவ்விடத்தின்மேல் விழும் பளுவுக்குப் பெரும் பங்கு உண்டு. தாங்க வேண்டிய பளுவுக்கேற்ப எலும்பு தன் வடிவை மாற்றிக்கொள்கிறது என்னும் விதியை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-இல் நூலாக வெளியிட்டார். அவர் காணாத ஒரு சான்று விண்வெளிப் பயணங்களில் பின்னாளில் கிடைத்தது. எடையே இல்லாத நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள், போதிய பயிற்சி இல்லாவிடில், இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு விழுக்காடு முதல் ஒன்றரை விழுக்காடு வரை இழக்கின்றனர். பளு இல்லையேல் எலும்பைக் கட்டிக் காப்பது வீண் செலவு என்று உடல் முடிவு செய்துவிடுகிறது எனலாம்.

விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபாடு உண்டா என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் சுவீடன் நாட்டின் நில்சனும் வெஸ்ட்லினும் குறிப்பிடத்தக்கவர்கள். 1971-இல் வெளியான அவர்களது ஆய்வில் 64 விளையாட்டு வீரர்களின் தொடையெலும்பின் கீழ்முனை அளக்கப்பட்டது. பளு தூக்குவோருக்கு அடர்த்தி மிக அதிகமாக இருந்தது. குண்டு முதலியன எறிவோர், ஓட்டக்காரர், கால்பந்து ஆட்டக்காரர் ஆகியோர் அவர்களுக்கு அடுத்த படிகளில் நின்றனர். நீச்சல் வீரர்களின் எலும்போ விளையாட்டில் ஈடுபடாதவர்களின் எலும்பிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. நீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் எலும்பு தாங்க வேண்டியது குறைகிறது. நாள்தோறும் பல மணி நேரம் மிதிவண்டிப் பந்தயத்துக்குப் பயிற்சி பெறுவோரின் நிலை இதைவிட வியப்புக்குரியது. அவர்களில் பலரது முதுகெலும்பின் அடர்த்தி, பயிற்சியே இல்லாதவர்களுடையதைவிடவும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இருக்கையில் அமர்ந்தபடியே உழைப்பது, நெடுநேர உழைப்புக்கு ஈடாக உண்ணாமை ஆகிய இரண்டும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. மும்முறைத் தாண்டுதலிலும் ஜிம்னாஸ்டிக் ஆட்டத்தில் தரையில் வந்து இறங்கும்போதும் அது பத்து மடங்கைத் தாண்டும். எலும்பு விரும்புவது இத்தகைய, சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் விசையையே. எத்தனை முறை என்பது அதற்கு அவ்வளவு பெரிதன்று. ரூபின், லேன்யன் என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட சோதனை பொருளாதார மாணவர்களுக்கும் சுவை தரக்கூடியது. பறவையின் சிறகெலும்பு ஒன்றை வழக்கமான இயக்கத்திலிருந்து பிரித்து, அதன்மேல் எந்திரத்தால் அளவிட்டுப் பளு ஏற்றினார்கள். நாளொன்றுக்கு நான்கே முறை பளு ஏற்றியதில் எலும்பு தேயாமல் நின்றது. முப்பத்தாறு முறை ஏற்றியதும் புதிய எலும்பு வளர்ந்தது. 360 முறையும் 1,800 முறையும் ஏற்றிப் பார்த்தார்கள். முப்பத்தாறு முறை தந்ததற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. குறைந்து செல் விளைவு விதி இவ்வளவு கூர்மையாக வெளிப்படும் இடங்கள் வேளாண்மையிலும் அரிது. 1997-இல் ஜப்பானில் எலிகளை நாளைக்கு ஐந்து முறை மட்டும் தாண்டச் செய்த சோதனையிலும் எலும்பின் பொருண்மையும் முறிவைத் தாங்கும் வலிமையும் கூடின. எலிக்கும் பறவைக்கும் பொருந்துவது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாதெனினும், நெடுந்தூர ஓட்டக்காரர் பல்லாயிரம் அடிகள் எடுத்துவைத்தும் தாண்டுவோரின் எலும்பைப் பெறாதது ஏன் என்பது இதனால் விளங்குகிறது.

விசையின் திசையும் முக்கியமானது. பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் வீராங்கனைகளை அவர்களது ஆட்டத்தின் பளு வகைப்படி பிரித்து, தொடையெலும்பின் கழுத்துப் பகுதியை ஆராய்ந்தனர். முதுமையில் முறியும் இடம் அதுவே. தாண்டுதலிலும் தடை தாண்டும் ஓட்டத்திலும் ஈடுபட்டோருக்கு அவ்விடத்தின் புறச்சுவர் தடித்திருந்தது. கால்பந்து, ஸ்குவாஷ் ஆட்டக்காரருக்கும் அப்படியே. ஓடிக்கொண்டே நிற்பது, நின்ற வேகத்தில் திரும்புவது, பக்கவாட்டில் பாய்வது என்று எதிர்பாராத திசைகளிலிருந்து பளு வரும் ஆட்டங்கள் இவை. மிகப் பெரும் எடையை மெதுவாகத் தூக்குவோருக்கு அந்தக் குறிப்பிட்ட இடத்தில் அத்தகைய தடிப்பு காணப்படவில்லை. எலும்பின் ஒரு பகுதியை அளந்துவிட்டு உடல் முழுமைக்கும் தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கும் இது சான்று.

அளவையைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவமனைகளில் இன்று வழங்கும் இரு ஆற்றல் எக்ஸ்-கதிர் முறை, எலும்பின் நிழலைத் தட்டையாக எடுத்து, ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது உள்ளது என்று சொல்கிறது. பருமனான எலும்பு, அடர்த்தி கூடாமலே, அடர்ந்ததாகத் தோன்றும். உறுதியைத் தீர்மானிப்பதில் எலும்பின் குறுக்களவும் புறச்சுவரின் தடிப்பும் பெரும் பங்கு வகிக்கின்றன. விலைவாசிக் குறியீட்டெண் போல, அடர்த்தியும் ஒரு குறியீடு. பயன்படுத்தலாம், பொருளாகவே கொண்டுவிடக் கூடாது.

ஒரே உடலின் இரு கைகள்

இங்கே ஐயம் ஒன்று எழும். தாண்டுவோருக்கு எலும்பு உறுதியாக இருப்பது தாண்டியதனாலா, அல்லது பிறவியிலேயே உறுதியான எலும்பு பெற்றவர்கள்தாம் தாண்டுதலில் நிலைக்கிறார்களா? டென்னிஸ் ஆட்டம் இதற்கு விடை தந்தது. அதில் மட்டை பிடிக்கும் கை ஒன்று. மற்றது ஏறத்தாழச் சும்மா இருக்கும் கை. உணவு, பிறவி, வயது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. தொழில்முறை ஆட்டக்காரர் 84 பேரை ஆராய்ந்து 1977-இல் வெளியான ஆய்வில், மட்டை பிடிக்கும் மேற்கை எலும்பின் சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்கு 34.9 விழுக்காடும் பெண்களுக்கு 28.4 விழுக்காடும் தடித்திருந்தது. இதைவிடத் தூய்மையான ஒப்பீட்டை எந்தப் புள்ளியியலாரும் திட்டமிட்டு அமைத்துவிட முடியாது.

1995-இல் பின்லாந்தின் டென்னிஸ், ஸ்குவாஷ் வீராங்கனைகளைக் கொண்டு கன்னுஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அடுத்த கேள்வியைக் கேட்டனர்: எந்த வயதில் தொடங்க வேண்டும்? பூப்பெய்துவதற்கு முன்போ அதையொட்டியோ ஆடத் தொடங்கியவர்களுக்கு இரு கைகளுக்கும் இடையிலான வேறுபாடு, பூப்பெய்திப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தொடங்கியவர்களுடையதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு இருந்தது. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தினர் சிறுவர் சிறுமியரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து, 1999-இல் வெளியிட்ட முடிவும் இத்துடன் பொருந்துகிறது. வயது வந்தவரின் உடலிலுள்ள எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வளர்ச்சியின் உச்சத்தைச் சூழ்ந்த இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. அந்த உச்சம் சிறுமியருக்குப் பன்னிரண்டரை வயதிலும் சிறுவருக்குப் பதினான்கு வயதிலும் அங்கே வந்தது. ஓடியாடித் திரிந்த சிறுமியருக்கு, அசையாதிருந்த சிறுமியரைவிட 17 விழுக்காடு அதிகமான தாது சேர்ந்திருந்தது. சிறுவரில் இவ்வேறுபாடு 9 விழுக்காடு.

சேர்ந்தது நிலைக்குமா? அமெரிக்காவின் பேஸ்பால் எறிவீரர்களை முதுமை வரை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, எறிவதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் எறிகையின் எலும்பு பெற்ற பருமனில் பாதியும் வலிமையில் மூன்றில் ஒரு பங்கும் எஞ்சியிருந்தன. வாழ்நாள் முழுவதும் ஈவு தரும் இத்தகைய முதலீட்டுக்கு, வாயில் திறந்திருக்கும் காலம் மட்டும் மிகக் குறுகியது.

ஆடுகளமும் கால அட்டவணையும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். எலும்பு கேட்பவற்றைத் தரும் ஆட்டங்கள் பெரும்பாலும் செலவற்றவை. கோ-கோவில் ஆட்டக்காரர் குந்திய நிலையிலிருந்து எழுந்து பாய்கிறார், கம்பத்தைச் சுற்றித் திரும்புகிறார், முன்னே விழுந்து தொடுகிறார். கபடியில் ஏறிச் செல்வதும் விலகுவதும் உந்துவதும் ஒவ்வொரு நொடியும் திசை மாறுகின்றன. கயிறு தாண்டுதல், நாட்டின் பல பகுதிகளில் பல பெயர்களில் வழங்கும் பாண்டி ஆட்டம் ஆகியவற்றுக்கு ஒரு முழக் கயிறும் ஓட்டுச் சில்லும் போதும். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலும் ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் சிறுவர் சிறுமியர் மூங்கில் கம்பை வளைத்து ஹாக்கி ஆடியே வளர்ந்திருக்கின்றனர். நீச்சல் குளம் கட்டப் பல கோடி ரூபாய் ஆகும். அது வேண்டாம் என்பதன்று. நீரில் மூழ்குவதைத் தடுக்கவும், இதயத்துக்கும், மூட்டுவலிக்காரருக்கும் நீச்சல் நல்லது. ஆனால், எலும்பின் கணக்கில் அதற்கு வரவு வைக்க முடியாது. நீச்சல் வீரரும் மிதிவண்டி வீரரும் வாரத்தில் சில நாட்கள் தரையில் தாண்டியும் எடை தூக்கியும் பயிற்சி பெற வேண்டியிருப்பது இதனால்தான்.

செலவு இல்லை என்றால் தடை எது? ஆடுகளம், கால அட்டவணை, சமூக வழக்கம் என்னும் மூன்றும்தான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கூடம் என்றால் அதற்கு ஆடுகளம் இருக்க வேண்டும் என்கிறது. நகரங்களில் இவ்விதி எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை அலுவலர்கள் அறிவர். ஆடுகளம் உள்ள இடத்திலும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் உடற்கல்விப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பெண் பூப்பெய்தியதும் ஓடாதே, தாண்டாதே என்று வீட்டார் சொல்வதும் அதே வயதில். எலும்பு வாயிலைத் திறந்து வைத்திருக்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் நம் சிறுமியர் ஆடுகளத்தை விட்டு வெளியேறுகிறார்கள். இதில் சிறுமியரை மட்டும் குறை கூறுவோர், அவர்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இல்லாத ஆடுகளங்களை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது.

உணவின் கதையும் இதே எல்லைக்கோட்டில் நிற்கிறது. 1995-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் 2021-இல் பி.எம். போஷண் என்று பெயர் மாறியபோதும், மத்திய உதவி எட்டாம் வகுப்புடன் நின்றது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற மாநிலங்கள் தம் செலவில் பத்தாம் வகுப்பு வரை உணவளிக்கின்றன. கர்நாடகம் 2013 முதல் பள்ளிகளில் பாலும் வழங்கியது. சுண்ணாம்புச் சத்து வயது வந்தோருக்கு நாளைக்கு 600 மில்லிகிராம் போதும் என்று 2010-இல் சொன்ன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020-இல் அதை 1,000 மில்லிகிராமாக உயர்த்தியது. அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ 600 மில்லிகிராமும், நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும் உண்டு. 1998 முதல் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாட்டில் இது எட்டாத இலக்கு அன்று. ஆனால், பால் எந்த வீட்டில், யார் குவளையில் விழுகிறது என்பது உற்பத்திப் புள்ளிவிவரத்தில் தெரியாது.

பயிற்சியே பகையாகும் நிலை

இதுவரை கூறியவை பயிற்சியின் நன்மைகள். சில வேளைகளில் பயிற்சியே எலும்பைக் கரைக்கும். 1984-இல் அமெரிக்காவில் டிரிங்க்வாட்டரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், கடும் பயிற்சியால் மாதவிடாய் நின்றுபோன வீராங்கனைகள் பதினால்வரின் முதுகெலும்பு அளக்கப்பட்டது. அவர்களது சராசரி வயது இருபத்தைந்து; எலும்பின் அடர்த்தியோ ஐம்பத்தொரு வயதுப் பெண்களுக்குரியதாக இருந்தது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிடைக்காதபோது உடல் முதலில் இனப்பெருக்கச் சுரப்பிகளின் வேலையைக் குறைக்கிறது. அதனால் எலும்பைக் காக்கும் சுரப்புநீர் குறைகிறது. 2014-இல் அகில உலக ஒலிம்பிக் குழு இந்த ஆற்றல் பற்றாக்குறையை ஆண்களுக்கும் பொதுவான கேடாக அறிவித்தது. ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வராதபோதும் ஓட்டக்காரிகளைவிட எலும்பு அடர்ந்திருப்பதை 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது. தரையில் மோதி இறங்கும் விசை இழப்பை ஓரளவு ஈடு செய்கிறது போலும். ஆயினும் அதை நம்பிப் பட்டினி போடலாகாது.

நெடுந்தூர ஓட்டம், மிதிவண்டி, எடைப்பிரிவுள்ள மல்யுத்தம், குத்துச்சண்டை ஆகியவற்றில் இந்த ஆபத்து மிகுதி. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்தப் பிரிவின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற வினேஷ் போகத், எடை நூறு கிராம் கூடியதால் விலக்கப்பட்டது நாடு முழுவதையும் வருத்தியது. அன்று நாடே ஒரு நூறு கிராமைப் பற்றிப் பேசியது. விடுதிகளில் தங்கிப் பயிலும் பதினான்கு வயதுப் பெண்கள், கீழ்ப்பிரிவில் நிற்பதற்காக ஆண்டு முழுவதும் குறைக்கும் கிலோக்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மாதவிடாய் நிற்பதைக் கடும் பயிற்சியின் நற்சான்றாகக் கருதும் பயிற்சியாளர்கள் இன்றும் உள்ளனர். அது எலும்பு கரையத் தொடங்கியதற்கான முதல் அறிவிப்பாக இருக்கலாம்.

உறுதியான எலும்பும் உடையும் என்பதற்குக் கிரிக்கெட்டின் வேகப்பந்து வீச்சாளர்கள் எடுத்துக்காட்டு. அவர்களது கீழ்முதுகெலும்பு மிக அடர்ந்தது. பந்து வீசும் கைக்கு எதிர்ப்புறத்தில் அடர்த்தி மேலும் கூடுதல். தொடர் உழைப்பால் மயிரிழை விரிசல் விழுவதும் பெரும்பாலும் அதே எதிர்ப்புறத்தில்தான். ஜஸ்பிரித் பும்ரா 2019-இலும் 2022-இலும் இத்தகைய முதுகுக் காயங்களால் நீண்ட காலம் ஆட முடியாமற் போனார். பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டி முடிக்க எலும்புக்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. கரைத்த இடம் நிரம்புவதற்குள் பளுவை ஏற்றினால் விரிசல் விழுகிறது. வளரும் வயதுப் பந்து வீச்சாளருக்கு ஒரு வாரத்தில் இத்தனை பந்துகள்தாம் என்று வரம்பிடுவது சலுகை அன்று. கட்டடத்தில் சிமெண்டு இறுகும் வரை முட்டுக்கட்டையை எடுக்காமலிருப்பது போன்றது.

இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்த எல்லா மாவட்டத்துக்கும் எக்ஸ்-கதிர் கருவி வாங்க வேண்டும் என்று யாரும் கோரத் தேவையில்லை. விளையாட்டு விடுதிகளின் பதிவேடுகளில் வருகை, ஓடிய நேரம், தாண்டிய தூரம், பெற்ற பதக்கம் ஆகியவற்றுக்குப் பத்திகள் உண்டு. மாதந்தோறும் உயரமும் எடையும், எலும்பில் வலி இருந்தால் அதன் இடம், சிறுமியருக்கு மாதவிடாய் வந்த தேதி ஆகியவற்றுக்கு மேலும் சில பத்திகள் கோடு போட்டால் போதும். மூன்று மாதம் அந்தத் தேதி வெறுமையாக இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உணவை அளக்க வேண்டும். தேவையானால் போட்டியிலிருந்து நிறுத்த வேண்டும். அப்பதிவேடு பயிற்சியாளரின் மேசைமேல் கிடக்கலாகாது. பெண் செவிலியரோ பெண் காப்பாளரோ அதைப் பூட்டி வைக்க வேண்டும். இன்று பல விடுதிகளில் நிரப்பப்படாமல் கிடப்பது அந்தக் காப்பாளர் பதவிதான்.